ஃபோர்டு கார் என்ஜினில் பறந்த பீட்டன்போல்: குட்டி விமானத்துக்கு ஒரே இக்னிஷன் போதுமா?

சுபாங் விமான நிலையத்தில் பயிற்சிக்கு ஓட்டும் குட்டி விமானங்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஓடுபாதைக்குள் நுழைவதற்கு முன் ஓரமாக நிற்கும். என்ஜின் சத்தம் கூடும். பிறகு அந்தச் சத்தம் லேசாக ஒருமுறை இறங்கி ஏறும், இன்னொரு முறை இறங்கி ஏறும். அதற்குப் பிறகுதான் விமானம் கிளம்பும்.

அந்த இரண்டு இறக்கமும் தற்செயல் இல்லை. விமானி ஒரு இக்னிஷனை அணைத்து, மற்றொன்று மட்டும் என்ஜினைத் தாங்குகிறதா என்று பார்க்கிறார். பிறகு அதையே மாற்றிச் செய்கிறார். அதாவது அந்தச் சின்ன என்ஜினில் தீப்பொறி கொடுக்கும் ஏற்பாடு ஒன்றல்ல, இரண்டு.

ஆனால் சுமார் நூறு வருடங்களுக்கு முன்பு அமெரிக்காவின் ஒரு சின்ன ஊரில் ஒருவர் பழைய கார் என்ஜினை எடுத்து, ஒரே ஒரு இக்னிஷனோடு பறந்தார். வரைபடத்தையும் ஊருக்கெல்லாம் கிடைக்கச் செய்தார். அதைப் பார்த்து இன்றைக்கும் உலகத்தின் பல மூலைகளில் ஆட்கள் வீட்டிலேயே விமானம் கட்டுகிறார்கள். அவர் பெயர் பெர்னார்ட் பீட்டன்போல்.

அவர் துணிச்சல்காரரா, இல்லை கணக்குப் போட்டுத்தான் செய்தாரா?

செர்ரி குரோவ் மெக்கானிக்

பீட்டன்போல் பிறந்தது 1901-ல். வாழ்நாளில் பெரும்பகுதி அவர் இருந்த ஊர் செர்ரி குரோவ். மினசோட்டா மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், நாலு பக்கமும் வயல் சூழ்ந்த கிராமம் அது. பொறியியல் கல்லூரி எதற்கும் அவர் போகவில்லை. பார்த்து, கழற்றி, மாட்டி, தானாகவே கற்றுக்கொண்ட மெக்கானிக். நம்ம ஊர் மோட்டார் பட்டறைகளில் இப்படிப்பட்ட அண்ணன்மாரை இன்றும் பார்க்கலாம். சத்தத்தை வைத்தே வண்டிக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார்கள்.

அவர் வாலிபனாக இருந்த காலத்தில் அமெரிக்காவில் விமானப் பைத்தியம் உச்சத்தில் இருந்தது. முதல் உலகப் போர் முடிந்து, ராணுவம் வேண்டாம் என்று விற்ற விமானங்களும் என்ஜின்களும் மலிவாகக் கிடைத்தன. அதில் பிரபலமானது கர்ட்டிஸ் ஓஎக்ஸ்-5 என்ற எட்டு சிலிண்டர் என்ஜின். 90 குதிரைத்திறன். அதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே பிளக், மொத்தத்துக்கும் ஒரே மேக்னெட்டோ. நடுவானில் மக்கர் பண்ணுவதில் அதற்குப் பெரிய பெயர். அதே கம்பெனி ஓஎக்ஸ்எக்ஸ்-6 என்று இரட்டை இக்னிஷனோடு இன்னொன்றும் செய்தது. கையில் காசிருந்த விமானிகள் அதைத் தேடிப் போனார்கள்.

1927-ல் அட்லாண்டிக் கடலைத் தனியாளாகத் தாண்டிய சார்லஸ் லிண்ட்பெர்க்கும் மினசோட்டாவில் வளர்ந்தவர்தான். அவருடைய ரைட் வேர்ல்விண்ட் என்ஜினில் ஒன்பது சிலிண்டர், பதினெட்டு பிளக், இரண்டு மேக்னெட்டோ. முப்பத்து மூன்றரை மணி நேரம் கடலுக்கு மேலே பறக்கப் போகிறவர் ஒரே பொறியை நம்பிக் கிளம்ப மாட்டார். ஆனால் அந்த மாதிரி என்ஜினின் விலை ஒரு கிராமத்து மெக்கானிக்கின் கனவில்கூட வராது.

பீட்டன்போல் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். தெருவில் ஃபோர்டு கார் ஓடிக்கொண்டிருந்தது.

1920-களின் தொடக்கத்தில் ஃபோர்டு மாடல் டி என்ஜினை வைத்து முதல் முயற்சி. அதற்குப் பிறகு வேறு சில என்ஜின்களையும் மாட்டிப் பார்த்தார். பிறகு ஃபோர்டு புதிய மாடல் ஏ காரை வெளியிட்டது. நாலு சிலிண்டர், கிட்டத்தட்ட 3.3 லிட்டர், 40 குதிரைத்திறன். இதுதான் நமக்கு ஏற்றது என்று அவர் முடிவு செய்தார். 1929 மே மாதம், மாடல் ஏ என்ஜினோடு அவருடைய 'ஏர் கேம்பர்' விமானம் பறந்தது. மர எலும்புக்கூடு, துணி போர்த்திய இறக்கை, இரண்டு இருக்கை. முன்னால் உட்காருபவரின் மூக்குக்கு நேரே கார் ரேடியேட்டர் நட்டுக்குத்தலாக நிற்கும். அழகுப் போட்டிக்கு அனுப்பக்கூடிய விமானம் இல்லை அது.

வீட்டில் விமானம் கட்டும் ஆசை அமெரிக்காவுக்கு மட்டுமே சொந்தமில்லை. சென்னையில் ஹோட்டல் நடத்திவந்த டி'ஏஞ்சலிஸ் என்பவர், 1910-லேயே சிம்ப்சன் நிறுவனத்தின் துணையோடு ஒரு விமானம் கட்டிப் பறக்கவிட்டார். ஆனால் வேறு ஆளும் பார்த்துக் கட்டுகிற மாதிரி, ஊர்க் கடையில் கிடைக்கும் பொருளை வைத்துச் செய்து, அதை வரைபடமாகவும் விட்டுப்போனதில்தான் பீட்டன்போல் தனியாகத் தெரிகிறார்.

சரி, இக்னிஷன்னா என்ன?

உங்கள் வீட்டு கப்சாய் மோட்டார் சைக்கிளையே எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டர், ஒரு ஸ்பார்க் பிளக், அதற்கு மின்சாரம் கொடுக்க ஒரு காயில். பெட்ரோலும் காற்றும் கலந்து உள்ளே அழுத்தப்படும் நேரத்தில் பிளக்கில் ஒரு பொறி பறக்க வேண்டும். பொறி இல்லையென்றால் எரிதல் இல்லை, ஓட்டமும் இல்லை. திடீர் வெள்ளத்தில் மாட்டி பிளக் மூடிக்குள் தண்ணீர் போன கப்சாயைச் சாலையோரம் தள்ளிக்கொண்டு போனவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

தரையில் தள்ளலாம். வானத்தில் தள்ள முடியாது.

மேக்னெட்டோ என்பது தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே செய்துகொள்ளும் கருவி. உள்ளே ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள், தொட்டு விலகும் ஒரு முனை. என்ஜின் சுற்றினால் காந்தமும் சுற்றும், பொறி வரும். பேட்டரி செத்தாலும், வயர் கழன்றாலும், அதற்குக் கவலையில்லை. அதனால்தான் இவ்வளவு எலக்ட்ரானிக்ஸ் வந்த பிறகும் விமான உலகம் இந்தப் பழைய கருவியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மாடல் ஏ காரில் மேக்னெட்டோ கிடையாது. பேட்டரி, காயில், டிஸ்ட்ரிபியூட்டர் என்று வழக்கமான கார் ஏற்பாடுதான். விமானத்துக்கு மாற்றும்போது அந்தச் சுமையைக் கழற்றிவிட்டு, பேட்டரி தேவைப்படாத ஒரு மேக்னெட்டோவைப் பொருத்துவதுதான் ஏர் கேம்பர் வழி. ஒவ்வொரு சிலிண்டருக்கும் பழையபடி ஒரே பிளக்.

இன்னொன்று கவனியுங்கள். காரில் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து பிளக்குக்கு வெறும் உலோகப் பட்டைகள்தான் போகும். மேக்னெட்டோ வைத்தால் ரப்பர் உறை போட்ட கேபிள் வேண்டும். அந்தக் காலத்து ரப்பர் என்றால் மரத்தில் வடிந்த பால்தான், செயற்கை ரப்பர் இன்னும் சந்தைக்கு வரவில்லை. அமெரிக்கா அப்போது வாங்கிய ரப்பரில் பெரும்பங்கு மலாயாவிலிருந்து போனது. அதை வெட்டியவர்களில் பலர் தமிழர்கள். ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925-ல் தொடங்கியது, சுங்கை பூலோவில் அதன் சோதனைத் தோட்டம் இருந்தது. செர்ரி குரோவ் பட்டறையில் இருந்த கேபிள் எந்தத் தோட்டத்துப் பால் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காலத்துப் பொறி ஒவ்வொன்றும் இந்த மாதிரி ஒரு மரத்தின் தயவில்தான் பிளக்கைப் போய்ச் சேர்ந்தது. உறையில் வெடிப்பு விழுந்தால் பொறி பிளக்குக்குப் போகாமல் வழியிலேயே உலோகத்தில் பாய்ந்துவிடும்.

ஒன்றுக்கு இரண்டு எதற்கு?

நாலு சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 1,800 சுற்று சுற்றினால், ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு பொறி வேண்டும். நிமிடத்துக்கு 3,600. ஒரு மணி நேரத்துக்கு 2,16,000. அத்தனையையும் ஒரு சின்ன முனையும், ஒரு கம்பிச்சுருளும், விரல் அளவு சுழலும் துண்டும் சேர்ந்து கொடுக்க வேண்டும். முனை தேயும், கண்டன்சர் சூடாகிச் சாகும், மூடியில் ஈரம் படிந்து பொறி வழிதவறும். இதில் எது நடந்தாலும் நாலு சிலிண்டரும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். பிளக் ஒன்று மட்டும் கெட்டால் மீதி மூன்று சிலிண்டரில் தடதடவென்று ஆடிக்கொண்டாவது போகலாம். மேக்னெட்டோ போனால் மொத்தமும் அமைதி.

இரட்டை இக்னிஷனில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக். ஒரு வரிசைக்கு ஒரு மேக்னெட்டோ, மறு வரிசைக்கு இன்னொன்று. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரு கற்பனைக் கணக்கு: ஒரு மேக்னெட்டோ ஆயிரம் மணி நேரத்துக்கு ஒருமுறை கெடும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே மணி நேரத்தில் கெடுவதற்கான வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கு இரண்டும் உண்மையிலேயே தனித்தனியாக இருந்தால் மட்டும்தான் செல்லும். சில விமான என்ஜின்களில் இரண்டு மேக்னெட்டோவும் ஒரே கூட்டுக்குள், ஒரே அச்சில் சுற்றும்படி வந்தன. அச்சு உடைந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். இன்று வீட்டில் கட்டுகிறவர்கள் இரண்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்துவிட்டு, இரண்டுக்கும் ஒரே பேட்டரியிலிருந்து வயர் இழுத்தால் அதுவும் இதே கதைதான். பார்க்க இரண்டு, உள்ளே ஒன்று.

இன்னொரு பலனும் உண்டு. அகலமான சிலிண்டரில் ஒரு மூலையில் மட்டும் தீ பிடித்தால் மறு மூலைக்குப் போய்ச் சேர நேரம் ஆகும். இரண்டு பக்கமும் ஒன்றாகப் பற்றினால் எரிதல் சீக்கிரம் முடியும், சக்தி கொஞ்சம் கூடும். சுபாங்கில் ஒன்றை அணைக்கும்போது சத்தம் இறங்குவது இதனால்தான். லேசாக இறங்கினால் சரி. அதிகமாக இறங்கினாலோ, ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இருந்தாலோ, விமானி திரும்பி ஹேங்கருக்குப் போவார். சத்தம் இறங்கவே இல்லையென்றால் அதுவும் நல்லதில்லை! அணைக்கும் வயர் அறுந்திருக்கலாம். மேக்னெட்டோவை அணைப்பது என்பது அதன் மின்சாரத்தைத் தரைக்கம்பியில் இறக்கிவிடுவதுதான். அந்த வயர் அறுந்தால் சாவி அணைந்த நிலையில் இருந்தாலும் என்ஜினுக்கு உயிர் இருக்கும், கையால் புரொப்பெல்லரை லேசாகத் திருப்பினாலே போதும். கையாலேயே சுற்றிக் கிளப்பும் ஏர் கேம்பர் மாதிரி விமானங்களில் இது விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை.

அமெரிக்க விதிப்படி முறையான சான்றிதழ் வாங்கும் பெட்ரோல் விமான என்ஜினுக்கு ஒவ்வொரு சிலிண்டரிலும் குறைந்தது இரண்டு பிளக், தனித்தனி மின்சுற்று, இல்லையென்றால் அதற்கு நிகராக நம்பக்கூடிய ஏற்பாடு கட்டாயம். வீட்டில் கட்டும் விமானத்துக்கு மட்டும் அந்தக் கட்டாயம் இல்லை.

பத்திரிகை ஆசிரியரைத் தேடிப் பறந்தவர்

'மாடர்ன் மெக்கானிக்ஸ்' என்ற பத்திரிகையின் ஆசிரியர் வெஸ்டன் ஃபார்மர், கார் என்ஜின் விமானத்துக்கு லாயக்கில்லை என்ற கருத்தில் உறுதியாக இருந்தார். பீட்டன்போல் வாதம் பண்ணவில்லை. 1930 ஏப்ரலில், அவரும் நண்பரும் ஃபோர்டு என்ஜின் பூட்டிய இரண்டு ஏர் கேம்பர்களை எடுத்துக்கொண்டு மினியாபொலிஸ் பக்கத்தில் உள்ள ராபின்ஸ்டேலுக்கு நேரிலேயே பறந்து போனார்கள். தூரம் ஏறக்குறைய 180 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு நேர்க்கோட்டில் போகிற மாதிரி.

ஆசிரியர் மனம் மாறினார். ஏர் கேம்பரின் வரைபடம் அந்தப் பத்திரிகைக் குழுமத்தின் 1932-ஆம் ஆண்டு விமானக் கையேட்டில் வெளியானது. அது அமெரிக்காவில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய நேரம். மாடல் ஏ என்ஜினே பலருக்கு விலை அதிகம் என்று தெரிந்ததும், அதைவிட மலிவான பழைய மாடல் டி என்ஜினுக்காக 'ஸ்கை ஸ்கவுட்' என்ற ஒற்றை இருக்கை விமானத்தையும் பீட்டன்போல் வடிவமைத்தார். பிறகு ஓரின் ஹூப்மன் என்ற இளைஞர் ஏர் கேம்பருக்குத் திருத்தமான வரைபடங்களை வரைந்துகொடுத்தார். இன்றுவரை கட்டுகிறவர்கள் பயன்படுத்துவது அந்த வரைபடங்களைத்தான்.

இரண்டாவது மேக்னெட்டோவை அவர் ஏன் சேர்க்கவில்லை? கொஞ்சம் யோசித்தால் புரியும். மாடல் ஏ என்ஜினின் தலைப்பகுதியில் ஒரு சிலிண்டருக்கு ஒரு பிளக் துளைதான் இருக்கிறது. இன்னொன்று வேண்டுமென்றால் உள்ளே ஓடும் குளிர்நீருக்குப் பாதகமில்லாமல் புதிய தலையே வார்க்க வேண்டும். இன்னொரு மேக்னெட்டோவைச் சுற்ற இன்னொரு பல்சக்கர ஏற்பாடு வேண்டும். 40 குதிரைத்திறனில் தத்தளிக்கும் விமானத்துக்குச் சில கிலோ எடையும் கூடும். இத்தனையும் சேர்த்தால் அது பழைய ஃபோர்டு என்ஜினாகவே இருக்காது. பண்ணைக்காரப் பையனால் வாங்க முடியாத இன்னொரு விமான என்ஜின் ஆகிவிடும். பின்னாளில் வசதி உள்ள சிலர் இரண்டு பிளக் வைக்கும் தலையைத் தனியாகச் செய்துகொண்டார்கள் என்பது வேறு விஷயம்.

இதை மட்டும் வைத்து அவர் பாதுகாப்பைக் கைவிட்டார் என்று சொல்வது நியாயமாக இருக்காது. என்ஜின் நிற்கும் என்று எதிர்பார்த்துத்தான் அந்த விமானத்தின் மீதிப் பகுதி இருக்கிறது. பெரிய இறக்கை, குறைந்த எடை. மணிக்கு 60 கிலோமீட்டர் அளவில் அது தரையிறங்கும், நம் கப்சாய் சாதாரணமாகப் போகும் வேகம்தான். சுற்றிலும் மினசோட்டாவின் தட்டையான வயல்கள். என்ஜின் நின்றால் விமானி ஒரு வயலைப் பார்த்து இறக்கிவிட்டு, முனையைத் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி கிளம்பலாம். அவருடைய இரண்டாவது இக்னிஷன் என்ஜினில் இல்லை, நிலத்தில் இருந்தது.

அதே விமானம் சுங்கை பூலோ மேலே?

இங்கேதான் கதை மாறுகிறது. சுங்கை பூலோவுக்கு மேலே 300 மீட்டர் உயரத்தில் ஒற்றை மேக்னெட்டோ நின்றுபோனதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏர் கேம்பர் மாதிரி காற்றில் அதிகம் இழுபடும் விமானம் நெடுந்தூரம் மிதக்காது. கையில் இருப்பது ஓரிரு நிமிடம். வடக்கே புக்கிட் லாகோங் காடு. தெற்கே கோத்தா டாமான்சாரா அடுக்குமாடிகள். நடுவில் நெடுஞ்சாலை, எம்ஆர்டி பாதை, உயரழுத்த மின்கம்பிகள். பழைய ரப்பர் ஆராய்ச்சித் தோட்டத்து நிலம்கூட இப்போது குவாசா டாமான்சாரா என்ற நகரமாகிக்கொண்டிருக்கிறது. எங்கே இறக்குவீர்கள்? அதோடு கீழே இருப்பவர்கள் யாரும் இந்தச் சோதனைக்குச் சம்மதம் கொடுக்கவில்லை.

ஈரம் இன்னொரு எதிரி. மினசோட்டாவின் வறண்ட குளிர்காற்றில் பிரச்சினையில்லாமல் ஓடும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, நம்ம ஊர் மாலை மழைக்குப் பிறகு வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

எனவே மலிவு என்ற ஒரே காரணத்துக்காகக் கிள்ளான் பள்ளத்தாக்கு மேலே ஒற்றை இக்னிஷன் விமானம் ஓட்டுவதை பீட்டன்போல் பெயரைச் சொல்லி நியாயப்படுத்த முடியாது. அவர் கணக்கில் இருந்த வயல் நம் கணக்கில் இல்லை. (எப்படியும் மலேசியப் பொது விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி இல்லாமல் இங்கே எந்த விமானமும் கிளம்ப முடியாது.) திறந்த வெளியில், தாழ்வாக, மெதுவாகப் பறக்கும் ஒற்றை ஆள் விமானத்துக்கு ஒரு இக்னிஷன் என்பது ஏற்றுக்கொள்ளக்கூடிய முடிவாக இருக்கலாம். இன்னொருவரை உட்கார வைத்து, வீடுகளுக்கு மேலே போவதாக இருந்தால் இரண்டு வேண்டும்.

சந்தையும் மெல்ல அந்தப் பக்கம்தான் நகர்ந்திருக்கிறது. சின்னஞ்சிறு விமானங்களில் ஒரு காலத்தில் நிறைய ஓடிய ரோட்டாக்ஸ் 447 ஒற்றை இக்னிஷன் என்ஜின். இன்று இலகு விமானங்களில் பரவலாகப் பார்க்கும் ரோட்டாக்ஸ் 912-ல் இரண்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் கம்பெனியிலிருந்தே வருகிறது.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். இரண்டு இக்னிஷன் வைத்துவிட்டால் என்ஜின் நிற்கவே நிற்காது என்று நினைக்கவேண்டாம். பெட்ரோல் தீர்ந்தால் நிற்கும். கார்புரேட்டரில் பனி அடைத்தால் நிற்கும். ஈரம் அதிகமுள்ள நம் காற்றில், வெளியே வெயில் கொளுத்தும்போதும் அந்தப் பனி உருவாகலாம். கிராங்க் ஷாஃப்ட் உடைந்தால் எத்தனை பிளக் இருந்தும் பிரயோஜனமில்லை. பராமரிக்க வேண்டிய பாகமும் இரண்டு மடங்காகும், ஏதாவது ஒன்று பழுதாகும் வாய்ப்பும் கூடும். வித்தியாசம் என்னவென்றால், அந்தப் பழுது உங்களை வீட்டுக்குப் போகவிடும்.

கார்வேர் காலம்

பீட்டன்போல் ஃபோர்டோடு நின்றுவிடவில்லை. 1960-களில் ஷெவர்லே கார்வேர் காரின் என்ஜின் அவர் கண்ணில் பட்டது. ஆறு சிலிண்டர், காற்றால் குளிர்வது, ரேடியேட்டர் தேவையில்லை. அதையும் ஏர் கேம்பரில் பூட்டிப் பறந்தார். இதிலும் ஒரு சிலிண்டருக்கு ஒரு பிளக்தான்.

அவருக்குப் பின்னால் கார்வேர் என்ஜினோடு வந்தவர்கள் ஒரு நடுவழி கண்டுபிடித்தார்கள். பிளக் ஒன்றே இருக்கட்டும், ஆனால் அதற்கு முன்னால் உள்ள தொடுமுனையும் காயிலும் இரண்டிரண்டாக இருக்கட்டும். ஒன்று செத்தால் சுவிட்சைத் தட்டி மற்றதற்கு மாறலாம். மொத்த என்ஜினையும் நிறுத்தக்கூடியது பிளக் இல்லை, அதற்கு முன்னால் இருக்கும் சாமான்கள்தான் என்ற அனுபவத்திலிருந்து வந்த யோசனை இது. முழு இரட்டை இக்னிஷன் ஆகாது. டிஸ்ட்ரிபியூட்டரின் அச்சு ஒன்றுதான், பிளக்கும் ஒன்றுதான். ஆனாலும் புதிய தலை வார்க்காமல், கிராமத்து மெக்கானிக்கின் செலவுக்குள்ளேயே பெரிய ஆபத்து ஒன்றைப் பாதியாவது குறைக்க முடிந்தது. பீட்டன்போல் பாணி என்றால் இதைத்தான் சொல்லவேண்டும்.

1981-ல், அவர் உயிரோடு இருக்கும்போதே, செர்ரி குரோவில் உள்ள அவருடைய பட்டறை அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னங்கள் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. 1984-ல் அவர் காலமானார். அவருடைய ஹேங்கர் விஸ்கான்சின் மாநிலத்தின் ஓஷ்கோஷுக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்குள்ள முன்னோடி விமான நிலையத்தில் மறுபடி நிறுத்தப்பட்டிருக்கிறது. வீட்டில் விமானம் கட்டுகிறவர்கள் வருடந்தோறும் கூடும் ஊர் அது. ஏர் கேம்பர்களும் பறந்து வரும். சிலவற்றில் இன்னும் ஃபோர்டு என்ஜின், ஒரே மேக்னெட்டோ. பலவற்றில் இரட்டை இக்னிஷன் உள்ள சிறிய விமான என்ஜின்.